மிராசுதார் எழுதிய புத்தகமும் எங்கள் நாலு மாவும்

புரட்டாசி 2, வெள்ளி

வெயில். புரட்டாசியிலும் இப்படிக் காய்வது நியாயமே இல்லை. வாய்க்காலில் நேற்றுத்தான் தண்ணீர் வந்து சேர்ந்தது. நாங்கள் கடைமடை. மேலே இருக்கும் ஊரெல்லாம் பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் எங்களுக்கு. அம்மா விடியலிலேயே மண்வெட்டியோடு வயலுக்கு, நான் பள்ளிக்கு. நான் பாடம் எடுக்கும் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. நாற்றுப் பறிக்கப் போயிருக்கிறார்கள்.

'வசந்தியின் வாசல்' நாவல் முடிந்தது. 312 பக்கம். அபிப்பிராயம்:

வசந்தி 41 இடத்தில் அழுகிறாள். பென்சிலால் கோடு போட்டு எண்ணினேன். இதில் ஏழு இடம்தான் நியாயமான அழுகை.

ஆசிரியர் வயல் பக்கம் போனவர் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் நடவு. ஆறாம் அத்தியாயத்தில் அறுவடை. நடுவில் ஒரே வாரம். அம்மாவிடம் சொன்னேன். "அந்த வெத எந்தக் கடையில கெடைக்குதுன்னு கேட்டு எழுது" என்றாள்.

ஆனால் கடைசியில் ஓர் இடம். வசந்தி மாமியாரிடம், "இந்த வீட்டில் என் பெட்டியை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்கிறாள். அழாமல் கேட்கிறாள். அந்த ஒரு வரிக்காக மற்ற 311 பக்கத்தை மன்னித்துவிட்டேன். சோறு குழைந்துவிட்டது.

புரட்டாசி 3, சனி

திருத்துறைப்பூண்டி போனேன். பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சாக்பீஸ், அம்மாவுக்குத் தலைவலித் தைலம். வாங்கியது: தைலம் மட்டும். மீதி நேரமெல்லாம் ரஹீம் பாய் கடையில்.

பாய் கடையில் முன்பக்கம் நோட்டு, பேனா, மை. பின்பக்கம் வாடகைப் புத்தகம். சிங்கப்பூரில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சம்பாதித்ததைவிட அங்கே படித்ததுதான் அதிகம் என்று அவர் மனைவி சொல்வார்.

'ஊமைத் துப்பாக்கி' காமிக்ஸ் எடுத்தேன். டீச்சர் வேலை பார்க்கிறவள் காமிக்ஸ் படிக்கலாமா என்று யாரும் கேட்பதற்குள் பைக்குள். பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன்.

அபிப்பிராயம்: பிரமாதம். யாரும் அழவில்லை. சுடப்பட்டவன்கூட ஒரே ஒரு "ஆ" சொல்லிவிட்டு ஒழுங்காகச் சாகிறான். பெண்கள் மொத்தம் இரண்டு பேர்தான், அதில் ஒருத்தி குதிரை ஓட்டுகிறாள். முகமூடிக்காரன் எதற்கு முகமூடி போடுகிறான் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாததே நல்லது.

நடுவில் இரண்டு பக்கம் கிழிந்துபோயிருந்தது. பாய் அந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டித் தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்: "இங்கே இரண்டு பக்கம் இல்லை. சண்டை நடக்கிறது. ஒரு குதிரை இறந்துவிடும். வருந்த வேண்டாம், அது கதாநாயகியின் குதிரை அல்ல." தொலைந்த பக்கத்துக்கெல்லாம் பாய் இப்படித்தான் செய்வார். சில சமயம் அசல் பக்கத்தைவிட இது தேவலை.

புரட்டாசி 4, ஞாயிறு

நோட்டீஸ் வந்துவிட்டது. இந்த மாதம் 20-ஆம் தேதி, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸில் விசாரணை. தாசில்தார் வருகிறார்.

ஒழுங்காக எழுதிப் பார்த்தால் தெளியும்.

அப்பா சாமிக்கண்ணு. மிராசுதார் ஐயாவின் நாலு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் பயிர் செய்தார். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அம்மா. இப்போது சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது: குத்தகைக்காரர் பேர் பதிவேட்டில் ஏறிவிட்டால் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தோழர் வந்து மனு எழுதிக் கொடுத்தார். அம்மா கைநாட்டு வைத்தாள்.

மிராசுதார் ஆட்சேபணை கொடுத்துவிட்டார். "குத்தகையே கிடையாது. பண்ணையின் நேரடிச் சாகுபடி. சாமிக்கண்ணு தினக்கூலி ஆள்."

எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. யாரிடம்தான் இருக்கிறது? களத்துமேட்டில் ஐயாவின் பங்கு நெல்லை அளந்து கொடுப்போம், வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். ரசீது கேட்டால் ஐயாவைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று அப்பா கேட்கவே இல்லை. அப்பாவின் மரியாதை இப்போது எங்கள் காலை வாருகிறது.

பதிவு ஆகாவிட்டால் இந்தச் சம்பா அறுவடையோடு அம்மா வெளியே. பண்ணைக் காரியக்காரர் இப்போதே டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மா காதிலும் விழுந்திருக்கும். அவள் ஒன்றும் கேட்காததுபோல் நாற்றங்காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி 6, செவ்வாய்

மேகம். மழை இல்லை.

சாட்சிக்கு வருகிறேன் என்ற இரண்டு பேரும் பின்வாங்கிவிட்டார்கள். ஒருவருக்குப் பேத்தி கல்யாணம். இன்னொருவருக்கு இடுப்புவலி. நேற்று வரை அந்த இடுப்பில் ஒரு வலியும் இல்லை. கோபம் வரவில்லை. இருவர் வீடும் பண்ணை மனையில் இருக்கிறது.

படித்தது: 'பச்சைக்கொடி'. ரயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆன ஒருவரின் வாழ்க்கை வரலாறு. பாய் வற்புறுத்திக் கொடுத்தார். முதலில் தூக்கம் வந்தது. எந்த ஸ்டேஷனில் எந்த மாஸ்டர், யாருக்கு எங்கே டிரான்ஸ்பர். பிறகு ஒரு வரி: முப்பது வருஷமும் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, கடந்துபோன ஊர்களை மட்டுமே பார்த்தேன், வரப்போகும் ஊரை ஒரு நாளும் பார்த்ததில்லை என்கிறார். புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

என் முடிவு: வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர்கள் தங்களைப் பற்றிப் பெருமை பேசும்போது நன்றாக எழுதுவதில்லை. அசந்த நேரத்தில்தான் நன்றாக எழுதுகிறார்கள்.

புரட்டாசி 9, வெள்ளி

பள்ளிக்கூட அலமாரியைச் சுத்தம் செய்யச் சொன்னார் தலைமை ஆசிரியர். பல்லி முட்டை, உடைந்த பூகோள உருண்டை, மாவட்ட வரைபடம் (பேராவூரணி இருக்கும் மூலையைக் கரையான் தின்றுவிட்டது). அடியில் ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதி. 'நான் நடந்த வரப்புகள்.' எழுதியவர், நம் மிராசுதார் ஐயா.

போன வருஷம் அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காயோடு இந்தப் புத்தகத்தையும் போட்டுக் கொடுத்தார்களாம். எங்களுக்குப் பந்தி வெளியில், பையில் தேங்காய் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கு அன்பளிப்பு இரண்டு.

பக்கங்கள் ஒட்டியே இருந்தன. அச்சகத்தில் மடித்ததை யாரும் வெட்டிப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்து அருவாமனையில் வைத்துப் பிரித்தேன். வெங்காய வாசனை ஏறிவிட்டது.

முன்னுரை ஒரு எம்.எல்.ஏ. எழுதியது. அடுக்குமொழி. "பண்பின் பாசறை, பரிவின் பல்கலை, பாட்டாளிக்குப் பந்தல்." புத்தகத்தை அவரும் படிக்கவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

முதல் நாற்பது பக்கம் தாங்க முடியவில்லை. தாத்தாவுக்குத் தாத்தா, அவர் கட்டிய சத்திரம், அவர் வைத்திருந்த வில்வண்டி, வண்டி மாட்டின் பேர். வரப்பில் நடந்ததாக இதுவரை ஓர் இடத்திலும் இல்லை.

புரட்டாசி 10, சனி

எரிச்சலாக இருக்கிறது. மனிதருக்கு எழுதத் தெரிந்திருக்கிறது.

ப. 71: சின்ன வயதில் மாட்டைக் கண்டால் பயமாம். பண்ணையில் நாற்பது மாடு. பொங்கலன்று மாலை போடும் சடங்கை இவர்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு வருஷமும் முதல் நாளே வயிற்றுவலி வந்துவிடும். ஒரு வருஷம் நிஜமாகவே வயிற்றுவலி வந்தபோது யாரும் நம்பவில்லையாம். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

ப. 96: முதல் குழந்தை இறந்தது. வேலைக்காரர்கள் எல்லாரும் முற்றத்தில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் அழக்கூடாது என்று களஞ்சியத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். உள்ளே நெல். அழுகை வரவில்லையாம். தும்மல் வந்ததாம்.

இதை யார் இவரை எழுதச் சொன்னது? இவரை வெறுத்துக்கொண்டு படிப்பதுதான் என் திட்டம். நடக்கவில்லை. 'வசந்தி'யின் 41 அழுகையைவிட இந்த ஒரு தும்மல் எவ்வளவோ மேல்.

புரட்டாசி 11, ஞாயிறு

ப. 143.

அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"அந்த ஐப்பசிப் புயலில் களத்துக் கொட்டகை சரிந்தது. மறுநடவுக்கு வைத்திருந்த விதைநெல் போய்விடும் என்று நான் கலங்கி நின்றேன். கீழ்க்கரை நாலு மாவைப் பத்து வருஷமாகக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்த சாமிக்கண்ணு, கழுத்தளவு வெள்ளத்தில் விதைநெல்லைத் தலையில் சுமந்து கொண்டுவந்து என் வாசலில் இறக்கினான். அந்த வருஷம் அவனுக்குக் குத்தகை நெல் வேண்டாம் என்று சொல்லி, ஒரு வேட்டியும் கொடுத்தேன். என் குத்தகைக்காரர்களிடம் நான் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை."

'குத்தகைக்கு'. 'குத்தகை நெல்'. 'குத்தகைக்காரர்கள்'. மூன்று தடவை. அவரே. தன் செலவில். அச்சுப்போட்டு, தேங்காயோடு வைத்துக் கொடுத்திருக்கிறார்.

தான் எவ்வளவு தாராளம் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டு எழுதியிருக்கிறார். புத்தகம் போன வருஷம். ஆட்சேபணை இந்த வருஷம். இடையில் அவர் வீட்டில் ஒருவர்கூட, காரியக்காரரோ வக்கீலோ யாருமே, 143-ஆம் பக்கம் வரை வரவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நாளை நடவு வயல் முழுக்கத் தெரிந்துவிடும். நாளை மறுநாள் காரியக்காரருக்குத் தெரிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம். நல்ல இடத்தைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்ததே இல்லை நான்.

புரட்டாசி 13, செவ்வாய்

பள்ளி விட்டதும் நேரே பாய் கடைக்கு. காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு உள்ளே போய்த் தன் பிரதியை எடுத்து வந்தார். அவருக்கும் கல்யாணத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் பிரிக்காமல் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

"புஸ்தகக் கடை வச்சிருக்கேன்னு வெளிய சொல்லாதீங்க டீச்சர். வெக்கமா இருக்கு."

எனக்கு இருந்த சங்கடத்தைச் சொன்னேன். மனிதர் தன் மனசைத் திறந்து எழுதியிருக்கிறார். தும்மலையும் வயிற்றுவலியையும் எழுதியிருக்கிறார். அதைப் படித்து ரசித்துவிட்டு, அதையே எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் நீட்டுவது துரோகம் இல்லையா?

பாய் யோசித்தார். "அச்சடிச்சு ஊருக்குக் குடுத்துட்டாருல்ல. அப்புறம் அது படிக்கிறவங்களோடது. நீங்க ஒரு வரி கூட்டிப் படிக்கலியே, கொறச்சுப் படிக்கலியே. எழுதினபடியே படிக்கப் போறீங்க. எழுதுறவருக்கு இதவிட என்ன மரியாத வேணும்?"

சங்கத் தோழரிடம் சொல்லலாமா என்றேன். 20-ஆம் தேதி காலையில் சொன்னால் போதும் என்றார்.

காமிக்ஸ் வேண்டுமா என்று கேட்டார். முதல் தடவையாக வேண்டாம் என்றேன்.

புரட்டாசி 15, வியாழன்

நேற்று ராத்திரி பெய்த மழையில் வாசலெல்லாம் சேறு. காலையிலேயே காரியக்காரர் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு பேசினார்.

"பாக்கியம், நான் சொல்றதக் கேளு. இருவதாம் தேதி வேணாம். கூலிக்குத்தான் வேல செஞ்சோம்னு ஒரு காகிதத்துல கைநாட்டு வச்சுடு. ஐயாகிட்ட சொல்லி இந்த மனைய ஒம் பேருக்கு எழுதித் தரச் சொல்றேன். பொண்ணு டீச்சரா இருக்கு. மாத்தல் கீத்தல்னு அலையாம உள்ளூர்லயே இருக்கட்டுமே."

என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது, ப. 143 என்று. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா சாணி கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நாளைக்கு நடவுங்க. நாத்துப் பறிச்சாச்சு. நட்டுட்டு யோசிக்கிறேங்க."

"நட்டுட்டு என்ன யோசன? யோசிச்சுட்டு நடு."

"நாத்து காத்துக்கிட்டு இருக்காதுங்களே."

அவர் போய்விட்டார். அம்மாவின் கை கரைத்துக்கொண்டே இருந்தது, கரைக்க ஒன்றும் மிச்சமில்லாமல். அப்போதுதான் தெரிந்தது, அவளும் பயந்திருக்கிறாள். கிட்டே போய் உட்கார்ந்தேன். "எதுக்கும் வைக்காதேம்மா கைநாட்டு" என்றேன். "வைப்பனா?" என்றாள்.

இன்று எதுவும் படிக்கவில்லை. 'பச்சைக்கொடி'யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

புரட்டாசி 17, சனி

நடவு நேற்றே முடிந்திருக்க வேண்டியது. மழையால் இன்றும் கொஞ்சம். பள்ளி விடுமுறை, நானும் இறங்கினேன். பத்துப் பெண்கள். முதுகு விட்டுப்போய்விட்டது.

பாதியில் யாரோ, "டீச்சரு, கதை சொல்லு" என்றார்கள். 'வசந்தியின் வாசல்' சொன்னேன். அழுகையை எல்லாம் வெட்டிவிட்டுச் சொன்னதில் கதை அரை மணியில் முடிந்தது. பெட்டியை எங்கே வைக்கட்டும் என்று கேட்கும் இடம் வந்தபோது எல்லார் கையும் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "மாமியா தலையில வைக்கச் சொல்லு." சிரிப்பு வயல் முழுக்க. ஆசிரியர் இங்கே வந்து கேட்டிருக்க வேண்டும். அவருக்கு விதையைப் பற்றியும் தெரிந்திருக்கும்.

நட்டு முடித்துக் கரையேறினபோது நாலு மாவும் பச்சை. அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இன்னும் மூன்று நாள்.

புரட்டாசி 20, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக்கூடாது.

காலை பத்து மணி. பஞ்சாயத்து ஆபீஸ். சுவரில் தலைவர்கள் படம், மேலே மின்விசிறி, அது சுற்றவில்லை. தாசில்தார் ஐம்பது வயதுக்காரர், ஜலதோஷம், கையில் கைக்குட்டை. பக்கத்தில் குமாஸ்தா. மிராசுதார் ஐயா காரில் வந்தார். நாற்காலியில் அவர், பின்னால் நின்றுகொண்டு காரியக்காரர், பக்கத்தில் கும்பகோணத்திலிருந்து வந்த வக்கீல். நானும் அம்மாவும் நின்றோம். சங்கத் தோழர் வாசலில். காலையில்தான் அவருக்குப் புத்தகத்தைக் காட்டினேன். படித்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

தாசில்தார் நிமிர்ந்து, "ஏன் நிக்கிறீங்க, உக்காருங்கம்மா" என்றார். அம்மா மிராசுதாரைப் பார்த்தாள். அவர் எங்கேயோ பார்த்தார். அம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் எதிரில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வக்கீல்: "பண்ணையோட நேரடிச் சாகுபடி சார். இந்தம்மா புருஷன் கூலிக்கு வந்த ஆளு. குத்தகைன்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கெடையாது."

தாசில்தார்: "ஒங்ககிட்ட எதாவது இருக்காம்மா?"

"இருக்கு சார்." பையிலிருந்து எடுத்தேன். வக்கீல் சிரித்தார். "புஸ்தகமா?"

"படிங்க" என்றார் தாசில்தார்.

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் வாசிக்கும் குரலில் வாசித்தேன். வேறு குரல் வரவில்லை. முதல் இரண்டு வரிக்கு மிராசுதார் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் எழுத்தை இன்னொருவர் வாசிக்க அவர் கேட்டது அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. மூன்றாவது வரியில் குத்தகை வந்தது. மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. வேட்டி வரை, கணக்குப் பார்த்ததில்லை வரை வாசித்து முடித்தேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அப்பா பேரைக் கேட்டு அழுகிறாள் என்று நினைத்தேன்.

வக்கீல் சுதாரித்துக்கொண்டார். "சார், இது இலக்கியம். ஒரு சுவைக்காகக் கற்பனை கலந்து எழுதுறதுதான். கதை மாதிரிதான் இத எடுத்துக்கணும்."

தாசில்தார் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிராசுதார் பக்கம் திரும்பினார். "அப்படிங்களா? இது கற்பனையா?"

காரியக்காரர் குனிந்து, "ஆமான்னு சொல்லிடுங்கய்யா" என்றார். எல்லார் காதிலும் விழுந்தது.

மிராசுதார் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். 143-ஐப் பார்க்கவில்லை. முதலிலிருந்து புரட்டினார். கடைசி வரை புரட்டினார்.

"எல்லாப் பக்கமும் பிரிச்சிருக்கு" என்றார். என்னைப் பார்த்து, "நீ பிரிச்சியா?"

"ஆமாங்கய்யா. முழுசும் படிச்சேன்."

"முழுசுமா?"

"களஞ்சியத்துல தும்மினது வரைக்கும். அதுக்கப்புறமும்."

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தாசில்தாரிடம், "என் புஸ்தகத்துல கதை கெடையாது. நடந்ததத்தான் எழுதியிருக்கேன். ஒரு வரி பொய் கெடையாது. எழுதிக்கங்க" என்றார்.

குமாஸ்தா எழுதினார். அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்தார். ஐயா அடியில் கையெழுத்துப் போட்டார். பெரிய, அழகான கையெழுத்து. அம்மா கைநாட்டு. சாமிக்கண்ணு மனைவி பாக்கியம் பேரில் கீழ்க்கரை நாலு மாவும் குத்தகைப் பதிவேட்டில் ஏறும் என்று தாசில்தார் சொன்னார். உத்தரவு பத்து நாளில் கைக்கு வருமாம்.

புத்தகம் என்னிடமே திரும்பி வந்தது. ஐயா காரில் ஏறிப் போய்விட்டார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. நான் ஏமாறவில்லை. அவர் எங்களுக்காக அப்படிச் சொல்லவில்லை, புத்தகத்துக்காகச் சொன்னார். பரவாயில்லை. நாற்று யாருக்காகச் சொன்னார் என்று பார்த்தா வளரப்போகிறது? சந்தோஷமாக இருக்கிறது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சந்தோஷம்.

தோழர் எனக்கும் அம்மாவுக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பாய்க்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியாயிற்று.

புரட்டாசி 21, புதன்

தூறல். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அம்மாவோடு வயல் வரை போனேன். மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பக்கத்த இன்னொரு வாட்டி வாசி" என்றாள்.

வாசித்தேன். கழுத்தளவு வெள்ளம் என்ற இடத்தில் நேற்றுப் போலவே தோள் குலுங்கியது. முந்தானையை விலக்கிப் பார்த்தேன். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்தளவா? தொடையளவு. கழுத்தளவுன்னா நீ இன்னிக்கு டீச்சரா?"

எனக்கு விளங்கவில்லை.

"ஒங்கப்பாவுக்கு அன்னிக்குச் சரியான காச்சல். கண்ணே தொறக்கல. வெதநெல்லு போயிடுமேன்னு நான்தான் எறங்கினேன். தலையில நெல்லு. இடுப்புல நீ. ரெண்டு வயசு, வெளிய விட்டுட்டுப் போக ஆளில்ல. வழியெல்லாம் கத்திக்கிட்டே வந்த. வாசல்ல எறக்கினப்ப ஐயா திரும்பி நின்னுக்கிட்டு இருந்தாரு. மறுநாளு கூப்பிட்டு ஒங்கப்பாவுக்கு வேட்டி குடுத்தாரு."

"நீ சொல்லலியாம்மா? நான்தான் தூக்கிட்டு வந்தேன்னு?"

"வேட்டிய நான் கட்டிக்கவா முடியும்?"

"நேத்தாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு வரி பொய் இல்லன்னு அத்தன பேரு முன்னாடி சொல்றாரு. இருங்கய்யா, ஒரு வரி பொய்னு நான் எந்திரிச்சுச் சொன்னா, மிச்ச வரி என்னாகும்?"

இவ்வளவு படித்தும் எனக்கு இது தோன்றியிருக்காது. புத்தகத்தைத் திறந்து, பேனாவை எடுத்து, ஓரத்தில் திருத்தி எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அவரு புஸ்தகம், அவரு எழுதினபடி இருக்கட்டும்" என்றாள். "நீதான் தெனம் என்னமோ எழுதுறியே. அதுல எழுது."

எழுதுகிறேன். ஐப்பசிப் புயலன்று விதைநெல்லைக் கொண்டுவந்து சேர்த்தது பாக்கியம். தண்ணீர் தொடையளவு. இடுப்பில் நான்.